ஹோம் தியேட்டர் சப்வூபர், ஸ்பீக்கர் லெவல் பண்றது: மலையகத்து வீடுகளுக்கு அடிக்கடி வர்ற கேள்விகள்

நான் ஹட்டன் பக்கம். வீட்டுல ஹோம் தியேட்டர் வச்சிருக்குறவங்க கூப்புட்டா போய் செட் பண்ணிக் குடுக்குறது ரொம்ப நாளா பழக்கம், எங்க போனாலும் அதே கேள்விங்கதான் வருது, அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வைக்கிறேன். கொழும்புல வேல செய்யிற தம்பி புறக்கோட்டையில இருந்து பஸ்ஸுல தூக்கிட்டு வந்த செட்டா இருக்கட்டும், வெளிநாட்டுல இருந்து அக்கா அனுப்புன டெனானா யமஹாவா இருக்கட்டும், பொட்டியில இருந்து எடுத்து வயர மாட்டி அப்பிடியே பாட விட்டுர்றாங்க. சப்வூபர், அதான் அடிச் சத்தம் மட்டும் போடுற பெரிய பொட்டி, ஒரு பக்கம் தனியா குமுறும், வசனம் ஒன்னும் வெளங்காது. திருவிழாவுல தப்பு அடிக்கிறவரப் பாருங்க, தீய மூட்டி தோல காட்டி, தட்டிப் பாத்து, திரும்பவும் காட்டி, சத்தம் கணீர்னு வந்த பொறகுதான் தோள்ல மாட்டுவாரு. அந்த நேரத்த நம்ம ஸ்பீக்கருக்கும் குடுக்கணும்.

கேள்வி: லெவல் பண்றதுன்னா என்ன அண்ணே? காதால கேட்டு வச்சா போதாதா?

நம்ம வீடுகள்ல எந்த ஸ்பீக்கரும் ஒரே தூரத்துல இருக்காது. இடது பக்கம் கதவுக்கு பக்கத்துல, வலது பக்கம் அலுமாரி மேல, பின்னாடி ரெண்டும் தலைக்கு மேல ஆணியில. ரிசீவர் (ஸ்பீக்கருக்கெல்லாம் சத்தத்த பிரிச்சு அனுப்புற பொட்டி) எல்லாத்துக்கும் ஒரே அளவு அனுப்புனாலும் நீங்க ஒக்காந்துருக்குற எடத்துக்கு வந்து சேர்றப்ப ஒன்னு கூட இருக்கும் ஒன்னு கொறைய இருக்கும். திறந்த வெளியில தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபெல் (சத்தத்த அளக்குற அளவு) கொறையும், ரூமுக்குள்ள சுவர்ல பட்டு திரும்புறதால அவ்வளவு கொறையாது, ஆனா கொறையும். ஒக்கார்ற எடத்துல எல்லாம் சமமா வர்ற மாதிரி ஒவ்வொன்னையும் கூட்டி கொறைக்கிறதுதான் லெவல் பண்றது.

காது இதுக்கு நல்ல கருவி இல்ல, முக்கியமா பேஸ்ல, அதாவது அடிச் சத்தத்துல. அஞ்சு நிமிசத்துல பழகிரும், பழகுனதும் பத்தலன்னு தோணும், ஒரு சுத்து கூட்டுவீங்க, அடுத்த கெழம இன்னொரு சுத்து. நான் எப்பவும் சொல்றது ஒன்னுதான், நல்லா லெவல் பண்ணுன சப்வூபர் எந்த மூலையில இருக்குன்னே தெரியக் கூடாது. பேஸ் டிவி இருக்குற பக்கத்துல இருந்து வர்ற மாதிரி இருக்கணும், சப்ப ஆஃப் பண்ணுனாதான் இவ்வளவு நேரம் அது வேல செஞ்சுதேன்னு வெளங்கணும்.

கேள்வி: என்னென்ன சாமான் வேணும்?

ஒரு சத்த மீட்டர், ஒரு அளவு டேப், மீட்டர நிக்க வைக்க ஒரு கேமரா ஸ்டாண்ட். மீட்டர் இல்லாட்டி போன். ரூமோட முழு கோலத்தையும் கோடு போட்டுப் பாக்கணும்னு ஆசப்பட்டா மினிடிஎஸ்பி கம்பெனியோட யூமிக்-1 மாதிரி யூஎஸ்பி மைக்கும் லேப்டாப்ல ரூம் ஈக்யூ விஸார்ட்ங்குற மென்பொருளும் போதும். அந்த விஸார்ட் இலவசம், மைக்குக்குத்தான் காசு. லெவல் மட்டும் பண்றதுக்கு அது கட்டாயம் இல்ல.

கேள்வி: போன்ல இருக்குற டெசிபெல் ஆப்ப நம்பலாமா?

ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் ஒப்பிட்டுப் பாக்க நம்பலாம், ஏன்னா அதே மைக், அதே எடம், தப்பா காட்டுனாலும் எல்லாத்துக்கும் ஒரே தப்புதான் காட்டும். ஆனா சப்வூபருக்கு வரும்போது கவனமா இருக்கணும், போன் மைக் ஆள் கதைக்கிறத எடுக்கத்தான் செஞ்சது, சில போன்ல அடிச் சத்தத்த வேணும்னே வெட்டி விட்டுருப்பாங்க. அப்ப மீட்டர் கொறைய காட்டும், நீங்க சப்ப கூட்டுவீங்க, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவத் தட்டுவாரு.

இன்னொரு விசயம், ஆப்புலயும் மீட்டர்லயும் ஏ, சி ன்னு ரெண்டு வெயிட்டிங் இருக்கும். கட்டாயம் சி தான் வைக்கணும். ஏ வெயிட்டிங் மனுசக் காது மெதுவான சத்தத்த கேக்குற மாதிரி அடிச் சத்தத்த வெட்டிரும், 63 ஹேர்ட்ஸ்ல (ஹேர்ட்ஸ்னா ஒரு செக்கன்ல எத்தன அதிர்வுன்னு, நம்பர் கொறைய கொறைய அடிச் சத்தம்) 26 டெசிபெல் கொறைச்சுக் காட்டும், 31.5 ஹேர்ட்ஸ்ல 39 டெசிபெல். சி வெயிட்டிங்ல 63 ல 1 டெசிபெல் கூட கொறையாது, 31.5 ல 3 டெசிபெல்தான் கொறையும். ஏ ல வச்சு சப்ப லெவல் பண்ணுனவங்க வீட்டுக்கு நான் போயிருக்கேன், ஜன்னல் கண்ணாடியே பேசிக்கிட்டு இருந்துச்சு. மீட்டரோட வேகம் ஸ்லோ ல வைங்க.

கேள்வி: எல்லாரும் 75 டெசிபெல்னு சொல்றாங்களே, அது எங்க இருந்து வந்துச்சு?

சினிமா தியேட்டர்ல ஒவ்வொரு சேனலுக்கும் (ஒரு ஸ்பீக்கருக்கு போற சத்த வழி) பிங்க் நாய்ஸ்னு மழை இரைச்சல் மாதிரி ஒரு அளவுச் சத்தம் போடுவாங்க, சிக்னலோட உச்சத்துல இருந்து 20 டெசிபெல் கீழ, அது சீட்டுல 85 டெசிபெல் வர்ற மாதிரி வைப்பாங்க. அப்பிடின்னா உச்ச சத்தம் ஒரு சேனல்ல 105 வரைக்கும் போகும், எல்எஃப்ஈ ன்னு சொல்ற தனி பேஸ் சேனலுக்கு இன்னும் 10 கூட, 115. வீட்டு ரூமுக்குள்ள 85 ல டோன் போட்டா காது வலிக்கும்னு ரிசீவர் செய்யிறவங்க டோன இன்னும் 10 கொறைச்சு, உச்சத்துல இருந்து 30 கீழ வச்சு, 75 னு கணக்கு வச்சாங்க. ரெண்டும் ஒரே கணக்குதான். 75 க்கு செட் பண்ணுனா வால்யூம் 0 ல இருக்குறப்ப தியேட்டர் அளவு சத்தம்.

அந்த 0 ல நம்ம வீட்டுல யாரும் படம் பாக்க மாட்டோம், மைனஸ் 20, மைனஸ் 25 னு வச்சுத்தான் பாப்போம். சின்ன செட்டுல இந்த மைனஸ் கணக்கே இருக்காது, 1 ல இருந்து 50 னு நம்பர் இருக்கும். அப்ப 75 ங்குறது முக்கியம் இல்ல, எல்லா ஸ்பீக்கரும் ஒரே நம்பர் காட்டுறதுதான் முக்கியம். 70 ல சமம் பண்ணுனாலும் சமம்தான்.

கேள்வி: சரி, படிப்படியா எப்பிடி பண்றது?

மொதல்ல வீட்ட அமைதியாக்குங்க. ஃபேன், பிரிட்ஜ், பக்கத்து ரூம்ல ஓடுற டிவி, எல்லாத்தையும் கொஞ்ச நேரம் நிப்பாட்டுங்க. சத்தம் இல்லாத நேரத்துல மீட்டர் எவ்வளவு காட்டுதுன்னு பாருங்க, டோன விட அது 10 டெசிபெல்லாவது கீழ இருந்தா தப்பு அர டெசிபெல்லுக்குள்ள நிக்கும், ரெண்டும் சமமா இருந்தா 3 டெசிபெல் பொய்யா கூட காட்டும்.

மீட்டர நீங்க ஒக்கார்ற எடத்துல, ஒக்காந்தா காது இருக்குற உயரத்துல ஸ்டாண்ட்ல வைங்க, மைக் மேல கூரையப் பாத்த மாதிரி. போன்னா மைக் கீழ்ப் பக்கம் இருக்கும், அத மேல திருப்பிப் புடிக்கணும். மடியில வச்சு, நெஞ்சுக்கு பக்கத்துல வச்சு அளக்காதீங்க, ஒடம்பே சத்தத்த திருப்பி அடிக்கும். பொறகு டேப்ப எடுத்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் எத்தன மீட்டர்னு அளந்து ரிசீவர்ல டிஸ்டன்ஸ்ல போடுங்க, சத்தம் 1 மில்லி செக்கன்ல 34 சென்டிமீட்டர் போகும், இந்த நம்பர வச்சுத்தான் ரிசீவர் கிட்ட இருக்குற ஸ்பீக்கர கொஞ்சம் தாமதிக்க வச்சு எல்லாத்தையும் ஒன்னா சேர்க்குது.

அப்புறம் செட்டப் மெனுவுல ஸ்பீக்கர் லெவலுக்கு போய் டெஸ்ட் டோன போடுங்க. சர்ருன்னு மழை பெய்யிற மாதிரி ஒரு சத்தம் ஒவ்வொரு ஸ்பீக்கர்ல இருந்தும் ஒன்னு ஒன்னா வரும். இடது முன்னாடி 75 வர்ற வரைக்கும் அந்த லெவல கூட்டுங்க கொறைங்க, அப்புறம் நடு ஸ்பீக்கர், வலது, பின்னாடி ரெண்டு. அர டெசிபெல்லுக்குள்ள வந்தா போதும், அதுக்கு மேல மல்லுக்கட்ட வேணாம். கடைசியா சப். சப்போட டோன் கீழ்ச் சத்தம் மட்டும் இருக்குறதால மீட்டர் 72, 77, 74 னு ஆடிக்கிட்டே இருக்கும், பயப்படாதீங்க, ஒரு அர நிமிசம் பாத்து நடுவுல எங்க நிக்குதோ அத எடுங்க. எல்எஃப்ஈக்கு 10 கூடன்னு மேல சொன்னேன்ல, அத ரிசீவர் உள்ளுக்குள்ளயே பாத்துக்கும், அதனால சப்பும் மத்ததும் ஒரே நம்பர்தான், நீங்களா 85 க்கு வைக்காதீங்க.

எல்லாம் முடிஞ்சதும் இன்னொரு சுத்து போங்க. மொத சுத்துல கை பழகும், ரெண்டாவதுலதான் சரியா வரும்.

கேள்வி: சப்வூபர் பின்னால ரெண்டு மூனு திருகு இருக்கு, அத எங்க வைக்கணும்?

க்ராஸ்ஓவர்னு ஒன்னு இருக்கும், எந்த ஹேர்ட்ஸுக்கு கீழ உள்ள சத்தம் சப்புக்குன்னு வெட்டுற அளவு அது, அத ஃபுல்லா கூட்டி வைங்க, இல்ல எல்எஃப்ஈ ன்னு சுவிட்ச் இருந்தா அதுல போடுங்க. ரிசீவரே வெட்டி அனுப்புறப்ப சப் இன்னொரு தடவ வெட்டுனா நடுவுல ஒரு பள்ளம் விழும்.

வால்யூம் அல்லது கெயின்னு இருக்குறத மொதல்ல பாதிக்கு கிட்ட வைங்க. லெவல் பண்ணி முடிஞ்சதும் ரிசீவர்ல சப் லெவல் என்னன்னு பாருங்க. மைனஸ் 12 ல போய் முட்டி நின்னா சப் திருகு ரொம்ப கூட, ரிசீவரால அதுக்கு மேல கொறைக்க ஏலாம நிக்குது, திருக கொறைச்சுட்டு திரும்ப பண்ணுங்க. ப்ளஸ் 6, ப்ளஸ் 8 னு வந்தா அதுவும் நல்லதில்ல, பெரிய வெடிச் சத்தம் வர்ற எடத்துல ரிசீவர்ல இருந்து போற சிக்னலே கிழிஞ்சு போகும். மைனஸ் 3, மைனஸ் 5 அந்தப் பக்கம் வந்தா நிம்மதியா இருக்கலாம்.

கேள்வி: ஸ்மால், லார்ஜ்னு கேக்குது. என் முன்னாடி ஸ்பீக்கர் நெஞ்சு உயரம் இருக்கு, லார்ஜ்தானே?

இல்ல, ஸ்மால்தான். இது பொட்டியோட உயரத்த கேக்கல, அடிச் சத்தத்த அந்த ஸ்பீக்கர் சுமக்கணுமா இல்ல சப்புக்கு அனுப்பணுமான்னு கேக்குது. சப் இருக்குற வீட்டுல எல்லாத்தையும் ஸ்மால்ல போட்டு க்ராஸ்ஓவர 80 ஹேர்ட்ஸ்ல வைங்க, தியேட்டர் சத்தத்துக்கு தரம் வைக்கிற டிஎச்எக்ஸ் காரங்க வச்ச அளவு அது. அதுக்கு கீழ இருக்குற சத்தம் எங்க இருந்து வருதுன்னு காதுக்கு லேசுல தெரியாது. கையளவு ஸ்பீக்கர்னா 120 வரைக்கும் போகலாம், ஆனா அப்ப சப் டிவிக்கு பக்கத்துலதான் இருக்கணும், தள்ளி வச்சா ஆம்பள கொரல் மூலையில இருந்து வரும். எல்எஃப்ஈ ப்ளஸ் மெயின்னு ஒரு ஆப்சன் இருக்கும், பேஸ் கூட வருதுன்னு அத போடாதீங்க, ஒரே சத்தம் ரெண்டு எடத்துல இருந்து வந்து ஒன்ன ஒன்னு அடிச்சுக்கும்.

கேள்வி: சப்ப எங்க வைக்கிறது? எங்க காம்பராவுல எங்க வச்சாலும் "பூம் பூம்"னுதான் வருது.

இதத்தான் நான் நின்னு பேச ஆசப்படுறேன், ஏன்னா லெவல் பண்றதுல பாதி வேல இதுதான். பழைய லயத்து காம்பரா, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு ரூம், 10 அடிக்கு 12 அடி. ஒவ்வொரு ரூமுக்கும் அதோட நீளத்துக்கு ஏத்த மாதிரி ஒரு சத்தம் எழும்பி நிக்கும், அந்த சத்தத்தோட அலை நீளத்துல பாதி, ரூம் நீளத்துக்கு சமமா இருக்கும். 12 அடிக்கு கணக்குப் போட்டா 47 ஹேர்ட்ஸ் கிட்ட, 10 அடிக்கு 56 ஹேர்ட்ஸ் கிட்ட. ரெண்டும் சப் வேல செய்யிற எடத்துக்கு நட்ட நடுவுல. அதுவும் அந்த எழும்புன சத்தம் சுவர் ஓரத்துல ஆகக் கூட, ரூம் நடுவுல ஆகக் கொறைய. நம்ம என்ன செய்யிறோம், எடம் இல்லன்னு செட்டிய (சோபாவ) பின் சுவரோட ஒட்டிப் போடுறோம், சப்ப மூலையில தள்ளுறோம். மூலையில வச்ச சப் ரூம்ல இருக்குற எல்லா எழும்பலையும் கெளப்பி விடும், சுவரோட ஒட்டி ஒக்காந்தவருக்கு அது அப்பிடியே வந்து சேரும்.

ஒரு அக்கா வீட்டுல நடந்தத சொல்றேன். லயத்துல தொங்க வீடு (கடைசி வீடு), சப் குசினிச் சுவரு மூலையில. ஒரு பாட்டு போட்டாங்க, பேஸ் கிட்டார்ல ஒரே ஒரு நோட் மட்டும் யானை கால் வைக்கிற மாதிரி வருது, மத்தது காணோம், அந்த நோட் வர்றப்ப எல்லாம் குசினி ராக்கையில இருக்குற சில்வர் டம்ளர் கிணுகிணுங்குது. செட்டிய பின் சுவர்ல இருந்து ஒரு அடி முன்னுக்கு இழுத்தோம். பொறகு சப்ப தூக்கி செட்டியில, அக்கா ஒக்கார்ற அதே எடத்துல வச்சேன், அதே பாட்ட திரும்ப திரும்ப போட்டுட்டு முட்டி போட்டு சுவரு ஓரமா நான் ஊர்ந்து போனேன், தலைய சப் இருக்குற உயரத்துல வச்சுக்கிட்டு. மூலையில அதே யானை. அங்க இருந்து டிவி மேசைப் பக்கமா ஒன்னேகால் மீட்டர் தள்ளி வந்ததும் ஒவ்வொரு நோட்டும் தனித்தனியா, ஒரே அளவா விழுது. அந்த எடத்துல சாக்பீஸால ஒரு கோடு போட்டேன், சப்ப அங்க கொண்டு வந்து வச்சோம். அக்கா செட்டியில ஒக்காந்து கேட்டுட்டு, "தம்பி இந்த பாட்டுல இவ்வளவு விசயம் இருக்கா"ன்னு கேட்டாங்க. ஒரு சதம் செலவில்ல.

எடமே இல்ல, மூலையிலதான் வைக்க ஏலும்னா வைங்க, தப்பில்ல. மூலையில சத்தம் தானா கூடும், அதனால லெவல் பண்றப்ப சப் திருகு நல்லா கொறையும், சின்ன சப்புக்கு அது ஒரு வகையில உதவிதான். ஆனா செட்டியவாவது சுவர்ல இருந்து இழுங்க. ரூமோட நட்ட நடுவுலயும் ஒக்காராதீங்க, அங்க பேஸ் காணாம போகும்.

கேள்வி: சப் பின்னால அலைய திருப்பி விடுற ஃபேஸ் சுவிட்ச் 0 வா 180 ஆ?

80 ஹேர்ட்ஸ் டோன் ஒன்ன போனுக்கு எறக்கி முன் ஸ்பீக்கரும் சப்பும் சேந்து பாட விடுங்க, ஒருத்தர் சுவிட்ச மாத்த நீங்க ஒக்கார்ற எடத்துல மீட்டரப் பாருங்க. எதுல கூட காட்டுதோ அதுல விடுங்க. அதோட ஸ்பீக்கர் வயர்ல சிவப்பு கருப்பு மாறியிருக்கான்னும் ஒரு தடவ பாத்துருங்க, நெறைய வீட்டுல கோளாறு அங்கதான்.

கேள்வி: ரிசீவரோட மைக் வந்துச்சு, அதுவே தானா பண்ணிரும்தானே?

டெனான், மராண்ட்ஸ்ல ஆடிஸி, யமஹாவுல வைபாஓ, பயனியர்ல எம்சிஏசிசி, இப்பிடி மைக்க வச்சு தானா அளக்குற முறை ஒவ்வொருத்தருக்கும் ஒன்னு இருக்கு, லெவலையும் தூரத்தையும் இதுங்க நல்லாவே புடிக்கும். ஆனா மைக்க செட்டி முதுகுல சாச்சு வச்சு பண்ணாதீங்க, ஸ்டாண்ட்ல காது உயரத்துல வைங்க. ஆடிஸில ஆறு எட்டு எடத்துல அளக்கச் சொல்லும், மொத எடம் நீங்க ஒக்கார்ற எடம், மத்தத ரூம் முழுக்க சுத்தாம அதச் சுத்தி ரெண்டடிக்குள்ள எடுங்க.

முடிஞ்சதும் சப் 5 மீட்டர் தூரத்துல இருக்குன்னு காட்டும், நீங்க டேப்ப வச்சு அளந்தா 3 மீட்டர்தான் இருக்கும். அத திருத்தாதீங்க! சப்புக்குள்ள இருக்குற ஃபில்டரால சத்தம் கொஞ்சம் தாமதிச்சுத்தான் வெளிய வருது, அந்த தாமதத்த ரிசீவர் தூரமா மாத்தி எழுதியிருக்கு. திருத்த வேண்டியது வேற ஒன்னு, முன் ஸ்பீக்கர லார்ஜ்னு அல்லது க்ராஸ்ஓவர 40 னு போட்டு வச்சிருக்கும், அத ஸ்மால், 80 னு மாத்துங்க.

கேள்வி: எல்லாம் சரியா 75 க்கு வச்சேன், ஆனா பேஸே இல்லாத மாதிரி இருக்கே?

ரெண்டு காரணம். ஒன்னு, இவ்வளவு நாளா கூட வச்சுக் கேட்டுப் பழகியிருப்பீங்க, ஒரு கெழம விட்டுப் பாருங்க. ரெண்டாவது உண்மையான காரணம், சத்தத்த கொறைக்க கொறைக்க மனுசக் காது மத்த சத்தத்த விட பேஸத்தான் கூட இழக்கும். 1933 லயே ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க இத அளந்து கோடு போட்டு வச்சிருக்காங்க. தியேட்டர் அளவுக்கு சமம் பண்ணிட்டு நம்ம மைனஸ் 25 ல கேட்டா பேஸ் மெலிஞ்சுதான் வரும். அதனால லெவல் பண்ணி முடிச்ச பொறகு சப்ப மட்டும் 3 ல இருந்து 5 டெசிபெல் கூட்டி வைக்கிறதுல எந்த தப்பும் இல்ல, நானும் வீட்டுல 4 கூட்டித்தான் வச்சிருக்கேன். ஆடிஸில டைனமிக் ஈக்யூன்னு இருந்தா அதுவே வால்யூமுக்கு ஏத்த மாதிரி கூட்டிக் கொறைக்கும், அது போட்டிருந்தா நீங்க தனியா கூட்ட வேணாம். மொதல்ல சமம் பண்ணிட்டு, அங்க இருந்து எவ்வளவு கூட்டுனோம்னு தெரிஞ்சு கூட்டணும், அதுக்குத்தான் மீட்டர்.

கேள்வி: படத்துல சண்ட வந்தா காது கிழியுது, கதைக்கிறப்ப ஒன்னும் கேக்கல.

நடு ஸ்பீக்கர பாருங்க. வசனத்துல பெரும்பகுதி அதுல இருந்துதான் வரும், நம்ம ஆளுங்க அத டிவி மேசைக்கு உள்ள, சாமி படத்துக்கும் டிஷ் பொட்டிக்கும் பின்னால ஒளிச்சு வச்சிருப்பாங்க. மேசை விளிம்பு வரைக்கும் முன்னுக்கு இழுத்து, காதப் பாத்த மாதிரி கொஞ்சம் நிமித்தி வைங்க. அப்புறமும் பத்தாட்டி 1 இல்ல 2 டெசிபெல் கூட்டுங்க. ராத்திரியில நைட் மோட், அல்லது டைனமிக் ரேஞ்ச்னு இருக்குறத போட்டா பெரிய சத்தம் எறங்கி சின்ன சத்தம் ஏறும்.

கேள்வி: யூடியூப்ல பாட்டு போட்டா சப் வேல செய்ய மாட்டேங்குது, படத்துக்கு மட்டும் செய்யுது.

பாட்டு ரெண்டு சேனல்தான், அதுல எல்எஃப்ஈ ங்குறதே கெடையாது. முன் ஸ்பீக்கர் லார்ஜ்ல இருந்தா சப்புக்கு ஒன்னும் போகாது. ஸ்மால் ஆக்குங்க, வரும். ரிசீவர் ப்யூர் டைரக்ட்ங்குற மோட்ல இருந்தாலும் பல ரிசீவர்ல சப் நின்னு போகும், ஸ்டீரியோவுக்கு மாத்துங்க.

கேள்வி: எங்ககிட்ட இருக்குறது சின்ன செட்டு, மெனுவே இல்ல. சப் வயரும் செட்டுக்குள்ளயே மாட்டுறது. இதெல்லாம் எங்களுக்கு ஏலுமா?

ஏலும். அதுலயும் ரிமோட்ல சப், சென்டர், சரவுண்ட்னு தனித்தனி கூட்டல் கழித்தல் இருக்கும். பிங்க் நாய்ஸ் ஃபைல் ஒன்ன பென் டிரைவ்ல போட்டு, அஞ்சு சேனலுக்கும் தனித்தனியா வர்றதா பாத்து எடுங்க, மீட்டர வச்சு சமம் பண்ணுங்க. க்ராஸ்ஓவர் உள்ளுக்குள்ளயே மேல வச்சு பூட்டியிருப்பாங்க, அதனால சப் முன்னாடி டிவி பக்கம்தான் இருக்கணும். எடம் பாத்து வைக்கிறதும், செட்டிய இழுக்குறதும் எந்த செட்டுக்கும் ஒன்னுதான். விலை கூடின செட்டு கோணலா வச்சிருக்குறத விட, விலை கொறைஞ்ச செட்டு நேரா வச்சிருக்குற வீட்டுல உக்காந்து படம் பாக்க எனக்கு பிரியம்.

கேள்வி: தகரக் கூரை. பேஸ் வந்தா கூரையே அதிருது, மழை வந்தா ஒன்னும் கேக்கல.

மழையில அளக்காதீங்க, அவ்வளவுதான். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே மாசம் தொடங்குனா நாள் பூரா அடிக்கும், பதுளைப் பக்கம் வருசக் கடைசியில. ஓயிற நேரம் பாத்து, இல்ல விடியக் காலையில பண்ணுங்க.

அதிர்றதுக்கு ஒரு வழி இருக்கு. 20 ல இருந்து 100 ஹேர்ட்ஸ் வரைக்கும் மெதுவா ஏறுற ஸ்வீப் டோன ஓட விட்டு ஒருத்தர் ரூம சுத்தி நடங்க. எந்த ஹேர்ட்ஸ்ல எது ஆடுதுன்னு தெரியும். கூரையில லூசான ஆணி, ஜன்னல் கொக்கி, அலுமாரி கதவு, சாமி படத்து கண்ணாடி. ஆணிக்கு ரப்பர் வாசர், கொக்கிக்கு ஒரு துண்டு பழைய சைக்கிள் ட்யூப், படத்துக்கு பின்னால நாலு மூலையில ஸ்பொஞ்சு. பேஸ் மோசம்னு நெனச்ச வீடுகள்ல பாதிக் கோளாறு இந்த அதிர்வுதான், சப் பாவம் ஒழுங்காத்தான் வேல செஞ்சிருக்கும்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரங்களோட சண்ட வருது. ஒரே சுவரு. என்ன பண்றது?

நான் லயத்துல பொறந்து வளந்தவன், காலையில கொழுந்துக்கு போறவங்க ராத்திரி ஒம்பது மணிக்கு படுத்துருவாங்க. அதனால இதுக்கு கொஞ்சம் நீட்டியே பதில் சொல்றேன். பேஸ் சுவர்ல நிக்காது. கொரல் மாதிரி மேல்ச் சத்தத்த சுவரு தடுத்துரும், 40, 50 ஹேர்ட்ஸ் அப்பிடியே ஊடுருவி அந்தப் பக்கம் போகும், அங்க படம் கேக்காது, குமுறல் மட்டும் கேக்கும், படுத்துருக்குறவங்களுக்கு அதுதான் கொடும. சில பழைய லயங்கள்ல சுவரு கூரை வரைக்கும் போகாது, அங்க இன்னும் மோசம். சுவர்ல முட்டை அட்டை ஒட்டுறது, கார்பெட் தொங்க விடுறது எதுவும் பேஸுக்கு ஒன்னும் செய்யாது, காச வீணாக்காதீங்க. சப்புக்கு அடியில கனத்த ரப்பரோ ஸ்பொஞ்சோ வச்சா தரை வழியா போற அதிர்வு கொறையும், காத்து வழியா போறது கொறையாது.

உதவுறது இதுதான். சப் பொதுச் சுவர்ல ஒட்டி இருந்தா எதிர்ப் பக்கம் மாத்துங்க. சப்ப நீங்க ஒக்கார்ற எடத்துக்கு கிட்ட கொண்டு வாங்க, கிட்ட இருந்தா கொறைஞ்ச சத்தமே உங்களுக்குப் போதும், அந்தப் பக்கம் போறதும் கொறையும். கொண்டு வந்த பொறகு திரும்ப லெவல் பண்ணணும், மறக்கக் கூடாது. எழும்பி நிக்கிற அந்த ஒரு நோட்ட அடக்குங்க, பக்கத்து வீட்டுல கேக்குறது பெரும்பாலும் அந்த 47 ஹேர்ட்ஸ்தான், சப் எடத்த மாத்துனாலோ ரிசீவர் ஈக்யூல (ஒவ்வொரு ஹேர்ட்ஸையும் தனியா கூட்டி கொறைக்கிற எடம்) அத எறக்குனாலோ உங்களுக்கு படம் தெளிவாகும், அவங்களுக்கு தூக்கம் கெடைக்கும். அதுக்குப் பொறகு ஒரு நாள் பகல்ல பக்கத்து வீட்டு அண்ணன கூப்புட்டு, நீங்க அவர் வீட்டுல போய் நில்லுங்க, அவர உங்க ரிமோட்ட புடிக்கச் சொல்லுங்க. எந்த நம்பர்ல அங்க கேக்காம போகுதோ அதுதான் ராத்திரி நம்பர். இப்பிடி ரெண்டு வீடுகள்ல நான் இத செஞ்சு பாத்துட்டேன், சண்ட நின்னுச்சு, ஒரு வீட்டுல இப்ப சனிக்கெழம ரெண்டு குடும்பமும் சேந்தே படம் பாக்குறாங்க.

கேள்வி: நுவரெலியாவுல உயரம், குளிர். அதுனால சத்தம் மாறுமா?

கொஞ்சம் மாறும். நுவரெலியா 1,868 மீட்டர். கொழும்போட பாத்தா காத்தோட அடர்த்தி ஆறுல ஒரு பங்கு கொறவு, அதே ஸ்பீக்கர் அதே அளவு ஆடுனாலும் ஒன்றரை டெசிபெல் கிட்ட சத்தம் கொறையும். எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே மாதிரி கொறையிறதால அங்க வச்சு அளந்து லெவல் பண்ணுனா அந்த கணக்கு தானா அடங்கிரும். கொழும்பு வீட்டுல லெவல் பண்ணுன நம்பர இங்க கொண்டு வந்து போடாதீங்க, ஆனா அதுக்கு காரணம் உயரத்த விட ரூம்தான். உயரத்த விட நம்ம ஊர் ஈரம்தான் பயம். பழைய சப்ல கூம்ப சுத்தி ஸ்பொஞ்சு வளையம் இருக்கும், ஈரத்துல அது பொடிப் பொடியா உதிரும். கூம்ப மெதுவா அமுக்கிப் பாருங்க, கர கரன்னு வந்தாலோ விளிம்பு கிழிஞ்சிருந்தாலோ மொதல்ல அத மாத்தணும், அதுக்கு பொறகுதான் லெவல்.

கேள்வி: படம் போடாட்டியும் சப்ல "ம்ம்ம்"னு ஒரு சத்தம்.

நம்ம கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அதுதான் கேக்குது. டிஷ் கேபிள ஒரு நிமிசம் கழட்டிப் பாருங்க, சத்தம் நின்னா கோளாறு அந்த வழியா வருது, கேபிளுக்கு ஐசொலேட்டர் போடணும். எல்லாத்தையும் ஒரே சொக்கெட் போட்ல இருந்து எடுத்தாலும் பல நேரம் நின்னுரும். எர்த் பின்ன மட்டும் யார் சொன்னாலும் கழட்டாதீங்க, ஆள் போயிரும். சித்திரையிலயும் ஐப்பசியிலயும் பின்னேரம் இடி வந்தா ப்ளக்கையும் டிஷ் கேபிளையும் சேத்து கழட்டிருங்க.

கேள்வி: ரெண்டு சப் வைக்கலாமா?

வைக்கலாம், சத்தம் கூட வேணும்ங்குறதுக்கு இல்ல, செட்டியில ஒக்கார்ற நாலு பேருக்கும் ஒரே மாதிரி வேணும்ங்குறதுக்கு. ஹார்மன்ங்குற ஸ்பீக்கர் கம்பெனியில டாட் வெல்டின்னு ஒரு ஆராய்ச்சிக்காரர் பல வகையா வச்சுப் பாத்து சொன்னது, எதிரெதிர் சுவர்களோட நடுவுல ஒன்னு ஒன்னு வச்சா ரெண்டே சப்ல நல்லா சமப்படும்னு. ரெண்டையும் தனித்தனியா ஒரே அளவுக்கு வச்சுட்டு, பொறகு சேத்து ஓட விட்டு மொத்தமா 75 க்கு கொறைங்க. 10 அடி காம்பராவுக்கு ஒன்னு போதும்.

கேள்வி: எத்தன மாசத்துக்கு ஒருக்கா திரும்ப பண்ணணும்?

மாசக் கணக்கு இல்ல. செட்டிய நகத்துனா, அலுமாரி புதுசா வந்தா, வீடு கூட்டும்போது சப்ப தள்ளி வச்சா திரும்ப பண்ணுங்க. புள்ளைங்க அந்த பின் திருக சுத்தி விட்டுரும், அதனால சரியா வச்சதும் திருகுக்கு நேரா நகப்பூச்சால ஒரு புள்ளி வைங்க. ரிசீவர்ல இருக்குற எல்லா லெவல் நம்பரையும் ஒரு தாள்ல எழுதி ரிசீவர் மேல் மூடியில, காத்து ஓட்டைய மறைக்காம ஒட்டிருங்க. கரண்ட் போய் வந்து செட்டிங் அழிஞ்சிட்டா அந்தத் தாளப் பாத்து அஞ்சு நிமிசத்துல போட்டுரலாம்.